இங்கிலாந்துக் கிராமத்து வார்டில் கவுன்சிலர் தேர்தலுக்கு நிற்பது எப்படி

கிராமப்புற இங்கிலாந்தில் ஒரு டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் வார்டு என்றால் பல இடங்களில் ஓட்டாளர்கள் இரண்டாயிரம், மூவாயிரம் பேர்தான். உள்ளாட்சித் தேர்தலில் அவர்களில் மூன்றில் ஒருவர் வந்து ஓட்டுப் போட்டாலே பெரிது. ஆக, ஜெயிக்கிறவருக்கும் தோற்கிறவருக்கும் நடுவில் நிற்பது சில டஜன் ஓட்டுகளாக இருக்கலாம். கட்சிப் பின்னணியோ பெரிய பணமோ இல்லாத ஒருவர் நம்பி இறங்கக்கூடிய தேர்தல் இது. ஆனால் இங்கே தோற்பவர்களில் பலர் ஓட்டுப்பெட்டி திறப்பதற்கு முன்பே தோற்றுவிடுகிறார்கள். மனுவில் ஒரு கையெழுத்து தப்பாகிறது, அல்லது தபால் ஓட்டுகள் திரும்பிப் போன பிறகுதான் முதல் நோட்டீஸ் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது. இந்த இரண்டையும் தவிர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில், எந்தக் கவுன்சில்?

கிராமத்தில் வசிப்பவருக்குப் பல இடங்களில் மூன்று அடுக்குக் கவுன்சில்: பெரியது கவுண்டி, நடுவில் டிஸ்ட்ரிக்ட், சிறியது பாரிஷ். சாலை, பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு, நூலகம் எல்லாம் கவுண்டி கவுன்சில். குப்பை எடுப்பது, வீடு கட்ட அனுமதி, கவுன்சில் வரி வசூல், வீட்டு வசதி ஆகியவை டிஸ்ட்ரிக்ட். ஊர்ப்பொது மைதானம், பஸ் நிழற்குடை, இடுகாடு, காய்கறித் தோட்டத் துண்டு நிலம் போன்றவை பாரிஷ் கவுன்சில். இங்கிலாந்தில் பாரிஷ், டவுன் கவுன்சில்கள் மட்டும் ஏறத்தாழ 10,000 இருக்கின்றன.

இது பாடப்புத்தக விஷயம் போலத் தெரியலாம். ஆனால் டிஸ்ட்ரிக்டுக்கு நின்றுகொண்டு "சாலைக் குழியை மூடுவேன்" என்று நோட்டீஸ் அடித்தால், விவரம் தெரிந்தவர் முதல் வாசலிலேயே மடக்கிவிடுவார். சாலைக் குழி கவுண்டியின் வேலை. அதற்காகக் குரல் கொடுப்பேன் என்று சொல்லலாம், மூடுவேன் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கவுண்டி, டிஸ்ட்ரிக்ட் இரண்டையும் சேர்த்து ஒரே கவுன்சிலாக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. 2023 ஏப்ரலில் சாமர்செட், வடக்கு யார்க்ஷயர், கம்ப்ரியா ஆகிய இடங்களில் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்களே இல்லாமல் போயின. 2024 டிசம்பரில் வந்த அரசு வெள்ளை அறிக்கை மற்ற இடங்களிலும் அதையே முன்வைத்தது. அதனால் உங்கள் ஊரில் அடுத்து வருவது எந்தக் கவுன்சிலுக்கான தேர்தல், எந்த ஆண்டு, வார்டு எல்லை மாறியிருக்கிறதா என்று கவுன்சிலின் தேர்தல் பிரிவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். பழைய வார்டு வரைபடத்தை வைத்துக்கொண்டு பக்கத்து வார்டு வீடுகளுக்கு நோட்டீஸ் போட்டவர்கள் உண்டு.

நிற்கத் தகுதி இருக்கிறதா

மனு கொடுக்கும் நாளில் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பிரிட்டிஷ் குடியுரிமை கட்டாயம் இல்லை. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள் என்பதால் அந்த நாட்டுக் குடிமக்களும் நிற்கலாம். ஆனால் நிற்பதற்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமை வேண்டும். வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர் ஓட்டுப் போடலாம், நிற்க முடியாது. பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். ஓட்டாளர் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்காக நிற்கத் தகுதி வந்துவிட்டதாக அர்த்தம் இல்லை.

இதற்கு மேல், அந்தக் கவுன்சில் பகுதியோடு உங்களுக்கு ஒரு பிடிப்பு இருக்க வேண்டும். நான்கில் ஏதாவது ஒன்று போதும்: அங்கே ஓட்டாளராகப் பதிவாகியிருப்பது, முந்தைய 12 மாதம் முழுக்க அங்கே வசித்திருப்பது, அதே 12 மாதமும் அங்கே வீடோ நிலமோ சொந்தமாகவோ வாடகைக்கோ வைத்திருப்பது, அல்லது உங்கள் முக்கிய வேலையிடம் 12 மாதமாக அங்கே இருப்பது. சம்பளமில்லாத வேலையும் கணக்கில் சேரும். பாரிஷுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வழி உண்டு. பாரிஷ் எல்லையிலிருந்து 4.8 கிலோமீட்டருக்குள் 12 மாதம் வசித்திருந்தாலும் நிற்கலாம். மனுவில் உங்களுக்குப் பொருந்துவது எல்லாவற்றையும் குறித்துவிடுங்கள். ஓட்டாளர் பதிவை மட்டும் நம்பி நின்றவர், ஜெயித்த பிறகு வீடு மாறிப் பதிவு போனால் பதவியும் ஆட்டம் காணும்.

தகுதியிழப்பில் முக்கியமானது வேலை. எந்தக் கவுன்சிலுக்கு நிற்கிறீர்களோ அந்தக் கவுன்சிலில் சம்பளத்துக்கு இருந்தால் நிற்க முடியாது. பகுதிநேர வேலையானாலும் அதேதான். கவுண்டி நடத்தும் பள்ளியில் ஆசிரியராக இருப்பவர் கவுண்டி கவுன்சிலுக்கு நிற்க முடியாது, டிஸ்ட்ரிக்டுக்கு நிற்கலாம். அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் மருத்துவருக்கோ நர்ஸுக்கோ அந்த வேலையால் தடை இல்லை. "ஜெயித்தால் வேலையை விட்டுக்கொள்ளலாம்" என்ற கணக்கு இங்கே செல்லாது. மனு கொடுக்கும் நாளிலேயே, ராஜினாமா நோட்டீஸ் காலமும் முடிந்து, வேலையை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். கடந்த ஐந்து ஆண்டில் மூன்று மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவரும் நிற்க முடியாது. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஒரு நாள் கூட உள்ளே போகாமல் இருந்தாலும் தடை தடைதான்.

நாள்கணக்கு

உள்ளாட்சித் தேர்தல் மே மாத முதல் வியாழக்கிழமை, காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை. மற்ற எல்லாத் தேதிகளும் அதிலிருந்து பின்னோக்கி வேலைநாள்களாக எண்ணப்படும். சனி, ஞாயிறு, புனித வெள்ளி, ஈஸ்டர் திங்கள், மே மாத வங்கி விடுமுறை எதையும் சேர்க்கக் கூடாது.

2027 மே 6 வியாழனை மாதிரிக்கு எடுத்துப் பார்ப்போம். மே 3 வங்கி விடுமுறை. தேர்தல் அறிவிப்பு வெளியாக வேண்டிய கடைசி நாள் 25 வேலைநாள் முன்பு, மார்ச் 31. மனுவுக்குக் கடைசி நேரம் 19 வேலைநாள் முன்பு மாலை 4 மணி, அதாவது ஏப்ரல் 8 வியாழன். மனுவைத் திரும்பப் பெறவும் அதே நேரம்தான் கெடு. ஓட்டாளராகப் பதிய 12 வேலைநாள் முன்பு, ஏப்ரல் 19. தபால் ஓட்டு விண்ணப்பத்துக்கு 11 வேலைநாள் முன்பு மாலை 5 மணி, ஏப்ரல் 20. பதிலாள் ஓட்டுக்கும் (உங்களுக்காக இன்னொருவர் போடுவது), புகைப்பட அடையாளம் இல்லாதவருக்கான இலவச ஓட்டாளர் அடையாளச் சான்றிதழுக்கும் 6 வேலைநாள் முன்பு மாலை 5 மணி, ஏப்ரல் 27. இப்படி எண்ணிப் பழகிக்கொள்ளுங்கள். கவுன்சில் தன் கால அட்டவணையை வெளியிட்டதும் அதை அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். அதில் இருப்பதே இறுதி.

வேட்புமனு

டெபாசிட் கிடையாது, கட்டணமும் கிடையாது. மனுப்படிவம், வீட்டு முகவரிப் படிவம், சம்மதப் படிவம் ஆகிய மூன்றும் எல்லோருக்கும் தேவை. கட்சி சார்பில் நிற்பவருக்குக் கட்சியின் அங்கீகாரச் சான்றிதழும், சின்னம் கேட்கும் படிவமும் கூடுதலாக வேண்டும்.

முன்பு பத்துப் பேர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இப்போது முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர் ஒருவர் போதும். இரண்டு பேருமே அந்த வார்டின் ஓட்டாளர் பட்டியலில் இருக்க வேண்டும். பக்கத்துத் தெருதான், ஆனால் வேறு வார்டு என்றால் மனு தள்ளுபடி. பட்டியலில் உள்ள அவர்களின் எண்ணை, முன்னால் வரும் எழுத்துகளோடு சேர்த்து, அப்படியே எழுத வேண்டும். உங்கள் பெயர், அடைமொழி (ஓட்டுச்சீட்டில் பெயரோடு வரும் கட்சி அல்லது சுயேச்சை என்ற குறிப்பு) எல்லாவற்றையும் நிரப்பிய பிறகே அவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிறகு நிரப்புவது சட்டப்படி தப்பு. ஒருவர் தன் வார்டில் எத்தனை இடம் காலியோ அத்தனை மனுவில்தான் கையெழுத்திடலாம். ஒரே இடம் உள்ள வார்டில் உங்களுக்குப் போட்டவர் ஏற்கெனவே இன்னொருவருக்கும் போட்டிருந்தால், முதலில் ஒப்படைக்கப்பட்ட மனுவுக்குத்தான் அந்தக் கையெழுத்து செல்லும். கேட்கச் சங்கடமாக இருந்தாலும் கேட்டுவிடுங்கள்.

சம்மதப் படிவத்தில் ஒரு சாட்சி முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். மனுவின் கடைசி நாளுக்கு ஒரு மாதத்துக்கு முன்னால் இட்ட கையெழுத்து செல்லாது. மேலே சொன்ன மாதிரித் தேதிப்படி மார்ச் 8க்கு முன் கையெழுத்திடக் கூடாது. முன்கூட்டியே எல்லாவற்றையும் தயார் செய்துவைக்கும் ஒழுங்கானவர்கள்தான் இதில் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

தமிழர்கள் நின்று யோசிக்க வேண்டியது பெயர்க் கட்டம். அப்பா பெயரின் முதலெழுத்தையே பெயராகக் கொண்டவருக்குக் குடும்பப்பெயர் எது? பாஸ்போர்ட்டில் இருக்கும் முழுப்பெயரை உரிய கட்டத்தில் எழுதுங்கள். ஊரார் உங்களை வேறு பெயரில், சுருக்கமாக, அழைக்கிறார்கள் என்றால் அதற்கென்றே "வழக்கமாக அழைக்கப்படும் பெயர்" என்ற கட்டம் இருக்கிறது. அதை நிரப்பினால் ஓட்டுச்சீட்டில் அந்தப் பெயரே வரும். சீட்டில் வரிசை குடும்பப்பெயரின் அகரவரிசைப்படி என்பதால் எந்தப் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுகிறீர்கள் என்பது நீங்கள் சீட்டில் எங்கே நிற்கிறீர்கள் என்பதையும் முடிவு செய்யும். நோட்டீஸில் ஒரு பெயர், சீட்டில் வேறு பெயர் என்று இருந்தால் ஓட்டாளர் குழம்புவார். இரண்டிலும் ஒரே பெயர் இருக்கட்டும்.

கட்சி சாராதவர் டிஸ்ட்ரிக்ட் தேர்தலில் "சுயேச்சை" என்ற ஒரே சொல்லைத்தான் போடலாம், அல்லது காலியாக விடலாம். "ஊரின் குரல்" போன்ற அடைமொழிகளுக்கு இடமில்லை. பாரிஷ் தேர்தலில் மட்டும், எந்தக் கட்சியோடும் குழப்பம் வராதபடி ஆறு சொல்லுக்குள் எதையும் எழுதலாம். வீட்டு முகவரி ஓட்டுச்சீட்டில் வர வேண்டாம் என்றால் மறைக்கலாம். அப்போது நீங்கள் வசிக்கும் பகுதியின் பெயர் மட்டும் வரும். வாசலில் ஆள் வந்து மிரட்டுவது நடக்கும் காலம் இது. மறைப்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

மனுவை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தபால், மின்னஞ்சல் செல்லாது. தேர்தல் பிரிவில் நேரம் வாங்கிக்கொண்டு, கெடுவுக்கு மூன்று நான்கு நாள் முன்பே போங்கள். அங்கிருப்பவர்கள் படிவத்தைப் பார்த்துப் பிழை இருந்தால் சொல்வார்கள். பிழை தெரிந்தால் புதுப் படிவம் எடுத்து, மறுபடி கையெழுத்து வாங்கி வர அவகாசம் இருக்கும். கடைசி நாள் மூன்றரை மணிக்கு, முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கவுன்சில் அலுவலகத்துக்கு டிராக்டர் பின்னால் வண்டியோட்டிக்கொண்டு போவதைப் போன்ற வேதனை வேறில்லை. நான்கு மணி அடித்துவிட்டால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

டிஸ்ட்ரிக்ட் வேட்பாளர் தேர்தல் ஏஜென்ட் ஒருவரையும் நியமிக்கலாம். கெடு அதே 4 மணி. யாரையும் சொல்லாவிட்டால் நீங்களே உங்கள் ஏஜென்ட். செலவுக் கணக்குக்கு அவரே பொறுப்பு என்பதால் கணக்கில் நிதானமான ஒருவர் கிடைத்தால் அவரிடமே விட்டுவிடுங்கள்.

காசும் கணக்கும்

செலவு வரம்பு 960 பவுண்டு, அதோடு வார்டின் ஓட்டாளர் ஒருவருக்கு 8 பென்ஸ். 2,400 ஓட்டாளர் என்றால் 960 + 192 = 1,152 பவுண்டு. ஒரே வார்டில் ஒரே கட்சிக்காரர் இருவர் சேர்ந்து ஒரே நோட்டீஸ் அடித்து வேலை செய்தால் ஒவ்வொருவர் வரம்பும் கால் பங்கு குறையும், அதாவது ஆளுக்கு 864. மூவரோ அதற்கு மேலோ என்றால் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

20 பவுண்டும் அதற்கு மேலும் செலவானால் ரசீது வேண்டும். 50 பவுண்டுக்கு மேல் நன்கொடை வந்தால் கொடுத்தவர் அனுமதிக்கப்பட்டவர்தானா என்று பார்த்து, இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா அன்போடு அனுப்பும் 100 பவுண்டை இங்கே ஓட்டாளராகப் பதிவில்லாத அவரிடமிருந்து வாங்க முடியாது. தெரிந்தவர் அச்சகத்தில் இலவசமாக அடித்துத் தந்தால் அதன் சந்தை விலையைச் செலவாக எழுத வேண்டும். நண்பர்கள் மாலைநேரத்தில் சம்பளமில்லாமல் நடந்து தரும் உழைப்பு மட்டும் கணக்கில் வராது. தேர்தலுக்கென்று ஒரு உறை வைத்து எல்லா ரசீதையும் அன்றன்றே அதில் போடுங்கள்.

அச்சிடும் ஒவ்வொன்றிலும் அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிடுபவரின் பெயர், முகவரி, யார் சார்பில் என்ற விவரம் இருக்க வேண்டும். ஜன்னல் போஸ்டருக்கும் இது பொருந்தும். 2023 நவம்பரிலிருந்து இணையத்தில் போடுவதற்கும் இதே மாதிரி விவரம் தேவை. அடிக்குறிப்பை மறந்து 1,300 நோட்டீஸ் அடித்துவிட்டால் ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர் ஒட்டுவதைத் தவிர வழியில்லை.

நோட்டீஸும் வாசலும்

நாடாளுமன்றத் தேர்தலில் வேட்பாளருக்கு ஒரு நோட்டீஸைத் தபால்துறை இலவசமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கவுன்சில் தேர்தலில் அந்த வசதி இல்லை. நீங்களும் நண்பர்களும் நடந்து போட வேண்டியதுதான்.

தபால் ஓட்டுச்சீட்டுகள் தேர்தலுக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே வீடுகளுக்குப் போய்விடும். பலர் வந்த ஓரிரு நாளில் சமையலறை மேசையிலேயே நிரப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே முதல் நோட்டீஸ் அதற்கு முந்தைய வாரம் எல்லா வீட்டுக்கும் போயிருக்க வேண்டும். மனு ஏற்கப்பட்டதா என்று காத்திருந்து பிறகு அச்சுக்குக் கொடுத்தால் தபால் ஓட்டுகளை இழந்துவிடுவீர்கள். வேட்பாளருக்கு ஓட்டாளர் பட்டியலும் தபால் ஓட்டாளர் பட்டியலும் இலவசமாகக் கிடைக்கும், எழுத்தில் கேட்க வேண்டும். தபால் ஓட்டாளர் வாசல்களை முதலில் தட்டுங்கள். பட்டியலைத் தேர்தல் வேலைக்கு மட்டுமே பயன்படுத்தலாம். யார் எந்தப் பக்கம் என்று நீங்கள் குறிப்பது தனிநபர் அரசியல் கருத்து. அந்தத் தாளைக் காரில் சிதறவிடாதீர்கள்.

நோட்டீஸ் ஏ5 அளவில், கொஞ்சம் தடித்த தாளில் இருக்கட்டும். கிராமத்து வீட்டுக் கதவுகளில் தபால் போடும் வாய் பலவும் தாழ்வாக, இறுக்கமான ஸ்பிரிங்கோடு இருக்கும். உள்ளே இரண்டு வரிசை பிரஷ் முடி. மெல்லிய தாள் அதில் மடங்கி வெளியிலேயே தொங்கி மழையில் நனையும். விரலைவிட்டுத் தள்ளினால் உள்ளே சத்தமில்லாமல் காத்திருக்கும் நாய் கவ்விவிடும். அனுபவசாலிகள் தட்டையான மரக்கரண்டி ஒன்றைக் கையில் வைத்திருப்பார்கள். நோட்டீஸை நீளவாக்கில் மடித்துக் கரண்டியின் மேல் சுற்றி, வாயைத் திறந்து உள்ளே தள்ளி, கரண்டியை மட்டும் உருவிவிட வேண்டும். இரண்டு பவுண்டுகூட ஆகாத சாமான், பத்து விரலையும் காப்பாற்றும்.

எதை எழுதுவது என்பதில் ஒரே அறிவுரை: அந்த வார்டைத் தவிர வேறெங்கும் பொருந்தாததை எழுதுங்கள். எந்த வயலில் எத்தனை வீட்டுக்குத் திட்டம் வந்திருக்கிறது, மழைக்கு எந்தச் சந்தில் தண்ணீர் நிற்கிறது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு. வீட்டுத் திட்டம் பற்றிப் பேசும்போது கவனமாக இருங்கள். "வீடே கட்டவிடமாட்டேன்" என்று வாக்குத் தருவது பொய் வாக்கு. கவுன்சில் ஐந்தாண்டுக்கான வீட்டு நிலத்தை அடையாளம் காட்டத் தவறினால், மறுத்த விண்ணப்பத்துக்கும் மேல்முறையீட்டில் அனுமதி கிடைத்துவிடலாம். அதோடு, குறிப்பிட்ட விண்ணப்பத்தில் முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டதாகப் பேசினால், நாளைக்குக் கட்டட அனுமதியை முடிவு செய்யும் திட்டக் குழுவில் உட்காரும்போது அந்த விஷயத்தில் ஓட்டளிக்க முடியாத நிலை வரலாம். என் கருத்து இது, ஆனால் விவரம் எல்லாம் பார்த்துத்தான் முடிவெடுப்பேன் என்று சொல்வது நேர்மையானது, பாதுகாப்பானதும்கூட.

ஊருக்குள் தெருவில் மணிக்கு இருபது, இருபத்தைந்து வாசல் தட்டலாம். பண்ணை வீடுகளில் ஆறு, ஏழு. அந்தக் கணக்கில் மாலைகளைத் திட்டமிடுங்கள். மார்ச் கடைசியில் கடிகாரம் ஒரு மணி முன்னால் போவதால் ஏப்ரலில் ஏழரை வரை வெளிச்சம் இருக்கும். இருட்டிய பின் தனி வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள், வயதானவர்கள் பயந்துவிடுவார்கள். நடைபாதையில்லாத சாலையில் மணிக்கு 60 மைல் வேகத்தில் கார் வரும். ஒளிரும் மேல்சட்டை போட்டு, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலது பக்கமாக நடங்கள். ஏப்ரல் ஆட்டுக்குட்டி ஈனும் காலம். பண்ணை வாயிற்கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுவிட்டு வர வேண்டும். கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போன வேட்பாளரின் பெயர் அன்று இரவுக்குள் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்துவிடும்.

வாசலில் இரண்டு நிமிடம் போதும். பெயர், எதற்கு நிற்கிறீர்கள், "உங்களுக்கு இங்கே தொந்தரவாக இருப்பது என்ன?" அவ்வளவுதான். பிறகு கேளுங்கள். குறைசொன்னவரிடம் இரண்டு நாளில் ஒரு பதிலோடு திரும்பிப் போனால், ஜெயிப்பதற்கு முன்பே கவுன்சிலர் வேலையைத் தொடங்கிவிட்டீர்கள்.

ஓட்டுக்காக விருந்து வைப்பது குற்றம். கூட்டத்துக்கு வந்தவருக்கு டீ, பிஸ்கட் கொடுப்பது சாதாரண உபசாரம். ஆதரவு கேட்டு வீட்டில் சாப்பாடு போடுவது வேறு. நம் வீடுகளில் வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பும் பழக்கம் இல்லை என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேர்தல் முடியும் வரை கையைக் கட்டிக்கொள்ளுங்கள். எதிர் வேட்பாளரின் நடத்தையைப் பற்றிப் பொய்யாக எழுதுவதும் குற்றம். மற்றவர் தபால் ஓட்டை வாங்கிக்கொண்டு போய்ப் போடவும் பிரசாரம் செய்பவருக்கு அனுமதி இல்லை. சொந்தக் குடும்பத்தார், நீங்கள் பராமரிப்பவர் தவிர வேறு யாருடைய உறையையும் தொடாதீர்கள். "போகிற வழியில் போட்டுவிடுங்களேன்" என்று ஒரு பாட்டி கெஞ்சினாலும் கூடாது.

போஸ்டரை விளக்குக் கம்பத்திலோ சாலைப் பலகையிலோ கட்டக் கூடாது. தனியார் வேலியில், உரிமையாளர் சம்மதத்தோடு வைக்கலாம். தேர்தல் முடிந்து 14 நாளுக்குள் எடுத்துவிட வேண்டும்.

ஓட்டுப்பதிவு நாள்

2023 மே முதல் வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளம் காட்ட வேண்டும். பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், முதியோர் பஸ் பாஸ் எல்லாம் செல்லும். காமன்வெல்த் நாட்டுப் பாஸ்போர்ட்டும் செல்லும், எனவே இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் போதும். காலாவதியாகியிருந்தாலும் முகம் அடையாளம் தெரிந்தால் சரி. பட்டியலில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி என்றால் பெயரை இணைத்துக் காட்டும் ஆவணம் ஏதாவது கையில் இருக்கட்டும்.

சாவடி வாசலில் ரோசெட் என்ற துணிப்பூவைச் சட்டையில் குத்திக்கொண்டு உட்கார்ந்து ஓட்டாளர் எண் கேட்பவர்களை டெல்லர் என்பார்கள். எண்ணைச் சொல்லாமல் போக ஓட்டாளருக்கு முழு உரிமை உண்டு. வற்புறுத்தக் கூடாது, வழியை மறிக்கவும் கூடாது. இந்த எண்களை வைத்து, ஆதரவு தருவதாகச் சொல்லி இன்னும் வராதவர் வீட்டை மாலை ஐந்துக்கு மேல் தட்டுவதுதான் கடைசி வேலை. கிராமத்தில் சாவடி இரண்டு மைல் தள்ளி இருக்கலாம், பஸ் இருக்காது. காரில் ஏற்றிக்கொண்டு போக ஆள் தயாராக இருக்கட்டும். அன்று அவசர மருத்துவக் காரணத்தால் வர முடியாமல் போனவர் மாலை 5 மணி வரை பதிலாள் ஓட்டுக்கு விண்ணப்பிக்கலாம். இது தெரியாமலே பல ஓட்டு வீணாகிறது.

எண்ணும் மேசை

எண்ணிக்கை முகவர்களின் பெயரை 5 வேலைநாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். முதலில் நடப்பது சரிபார்ப்பு: ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள சீட்டு எண்ணிக்கை, சாவடி அதிகாரி எழுதித் தந்த கணக்கோடு பொருந்துகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். அப்போது சீட்டுகள் முகம் மேலாக இருக்கும். மேசைக்கு இந்தப் பக்கம் நின்று எந்தக் கிராமத்துப் பெட்டியில் யாருக்கு எவ்வளவு என்று குறித்துக்கொள்ளலாம். அடுத்த தேர்தலுக்கு இதைவிட நல்ல தகவல் கிடைக்காது. தபால் ஓட்டு உறைகளைப் பிரிக்கும் அமர்வில் மட்டும் இப்படிக் குறிக்கவோ, பார்த்ததை வெளியே சொல்லவோ கூடாது. அது குற்றம்.

இரண்டு, மூன்று இடம் உள்ள வார்டில் ஓட்டாளருக்கும் அத்தனை ஓட்டு உண்டு. எல்லாவற்றையும் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒன்று மட்டும் போட்டாலும் செல்லும். சுயேச்சை வேட்பாளர் இதை வாசலிலேயே விளக்கிச் சொல்வது நல்லது. இப்படிப்பட்ட வார்டில் ஒரே கட்சிக்கு முழுசாகப் போட்ட சீட்டுகளை முதலில் தனிக் கட்டாகக் கட்டுவார்கள். கலந்து போட்டவற்றை ஒரு பெரிய தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக, ஓட்டுக் கட்டங்கள் மட்டும் தெரியும்படி, அடுக்கி ஒட்டுவார்கள். வரிசையாகத் தொங்கும் அந்தச் சீட்டுகளைப் பார்த்து இதற்குப் புல்பாவாடை என்றே பெயர். ஒவ்வொரு வேட்பாளரின் வரியிலும் எத்தனை குறி என்று குறுக்காக எண்ணுவார்கள். வரி மாறி எண்ணும் பிழை இங்கேதான் நேரும். உங்கள் வரியில் கண்ணை வைத்திருங்கள். பிழை தெரிந்தால் மேற்பார்வையாளரிடம் உடனே, பணிவாகச் சொல்லுங்கள்.

சந்தேகச் சீட்டுகளைத் தேர்தல் அதிகாரி எல்லோர் முன்னாலும் காட்டித் தீர்ப்பார். இடத்துக்கு மேல் ஓட்டுப் போட்டது, போட்டவர் யார் என்று காட்டும் எழுத்து உள்ளது, அதிகாரபூர்வ அடையாளம் இல்லாதது, எதுவும் போடாதது ஆகியவை தள்ளுபடி. பெருக்கல் குறிக்குப் பதில் டிக் போட்டிருந்தாலும் எண்ணம் தெளிவாக இருந்தால் செல்லும். மறு எண்ணிக்கை வேண்டுமென்றால் முடிவை அறிவிக்கும் முன்பே கேட்க வேண்டும். அறிவித்துவிட்டால் நீதிமன்றம்தான். சமமாக வந்தால் குலுக்கல். 2017 மேயில் நார்தம்பர்லாந்து கவுண்டியின் தெற்கு பிளைத் வார்டில் இருவருக்குச் சமமாக ஓட்டு விழுந்து, வைக்கோல் குச்சி உருவித் தீர்த்தார்கள். குட்டைக் குச்சி வந்த கட்சி, கவுன்சிலில் பெரும்பான்மையையே ஒரே இடத்தில் கோட்டைவிட்டது.

முடிவுக்குப் பிறகு

ஜெயித்தாலும் தோற்றாலும், ஒரு காசு செலவழிக்காமல் இருந்தாலும், செலவுக் கணக்கைக் கட்டாயம் ஒப்படைக்க வேண்டும். டிஸ்ட்ரிக்டுக்கு முடிவு அறிவித்த நாளிலிருந்து 35 நாள், பாரிஷுக்குத் தேர்தல் நாளிலிருந்து 28 நாள். டிஸ்ட்ரிக்ட் தேர்தலில் அச்சகக்காரரின் பில் 21 நாளுக்குள் வந்து, 28 நாளுக்குள் பணம் கொடுத்து முடிந்திருக்க வேண்டும். தோற்ற சோர்வில் இதை மறப்பவர்கள் அதிகம்.

ஜெயித்தவர் பதவியை ஏற்பதாக அறிவிப்புப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். டிஸ்ட்ரிக்டில் இரண்டு மாதத்துக்குள், பாரிஷில் முதல் கூட்டத்திலோ அதற்கு முன்போ. 28 நாளுக்குள் உங்கள் வேலை, வீடு, நிலம், பங்கு பற்றிய விவரத்தைப் பதிய வேண்டும். கணவன் அல்லது மனைவியுடையதும் அதில் சேரும். ஆறு மாதம் தொடர்ந்து ஒரு கூட்டத்துக்கும் போகாவிட்டால், கவுன்சில் அனுமதி இல்லாத பட்சத்தில், பதவி தானாகப் போய்விடும்.

தோற்றவரோ, இவ்வளவு பெரிய வேலை வேண்டாம் என்று நினைப்பவரோ, ஊர் அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டிருங்கள். பாரிஷ் கவுன்சிலில் இடம் காலியானால் அங்கே ஒரு தாள் ஒட்டப்படும். 14 வேலைநாளுக்குள் அந்த ஊர் ஓட்டாளர் பத்துப் பேர் தேர்தல் கேட்டு எழுதாவிட்டால், கவுன்சிலே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும். அதற்கு விருப்பம் தெரிவித்துப் பாரிஷ் கவுன்சிலின் கிளார்க்குக்கு அரைப் பக்கக் கடிதம் எழுதினால் போதும். ஆள் கிடைக்காமல் திண்டாடும் பாரிஷ்கள் நிறைய. அடுத்த கூட்டத்தில் பார்வையாளராகப் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்தாலே யாராவது வந்து விசாரிப்பார்கள்.